ரேம் கூட்டலாம் என்று உறுதி சொல்லி விற்ற மடிக்கணினி குறித்த புகார்

அனுப்புநர்: காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்
நாள்: 12.09.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்காகத் தங்கள் நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றைக் கடந்த ஜூலை 9ஆம் தேதி, கிருஷ்ணகிரியில் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் 52,990 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதன் ரேம் (நிரல்கள் ஓடும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்) குறித்து ஐந்து முறை தொலைபேசியில் பேசியும், மூன்று முறை ஓசூர் சேவை மையத்துக்கு நேரில் அலைந்தும் ஒரு முடிவும் கிடைக்காமல் ஓய்ந்துபோன நிலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாங்குவதில் நான் அவசரப்படவில்லை. பத்து நாட்கள் விசாரித்தேன். கைபேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், அவற்றைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட வேண்டுமானால் 16 ஜிபி ரேம் இருப்பதுதான் நல்லது என்றும், இப்போதைக்கு 8 ஜிபி வாங்கினாலும் பிற்பாடு கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள் என்றும் மகளின் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரே கேள்வியைக் கடையில் கேட்டேன். அது போதாதென்று ஜூலை 7ஆம் தேதி மாலை தங்கள் உதவி எண்ணை அழைத்து, மாடல் எண்ணை எழுத்தெழுத்தாகச் சொல்லியும் கேட்டேன். "காலி ஸ்லாட் (கூடுதல் ரேமைச் செருகும் இடம்) ஒன்று இருக்கிறது, 16 வரை போட்டுக்கொள்ளலாம்" என்பதுதான் இரண்டு இடத்திலும் கிடைத்த பதில். தயாரித்தவர்களுக்கே தங்கள் பொருளைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கையில் பணத்தைக் கட்டினேன்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். இந்த ஆண்டு என் தோப்புப் பெங்களூரா மாங்காயைக் கூழ் ஆலைக்குக் கிலோ 5 ரூபாய்க்குத்தான் போட்டேன். 52,990 ரூபாய் என்பது பத்து டன்னுக்கும் மேற்பட்ட மாங்காய். பறிகூலியும் வண்டி வாடகையும் அதில் சேரவில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி சேவை மையத்துத் தொழில்நுட்பர் என் கண்ணெதிரே அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, மூடியை எடுத்து வைத்து, போர்டின் மேல் வரிசையாக ஒட்டியிருந்த கறுப்புச் சில்லுகளை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தொட்டுக் காட்டினார். "சார், ரேம் இதுதான். போர்டுலயே சால்டர் பண்ணி வந்திருக்கு. இந்த மாடல்ல ஸ்லாட்டே கிடையாது" என்றார். அவர் மரியாதையாகவே பேசினார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் இதைக் கவுண்டரில் இருந்த பெண் ஊழியரிடம் சொன்னபோது, அவர் கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "இதுகூடத் தெரியாம எதுக்கு லேப்டாப் வாங்க வர்றீங்க?" என்று கேட்டார். வகுப்பை விட்டுவிட்டு என்னோடு வந்திருந்த என் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு வயதில், பெற்ற பிள்ளையின் முன்னால் இப்படி ஒரு பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. தெரியாததால்தானே ஐயா தங்களையே கேட்டு வாங்கினேன்?

அதற்கு முந்தைய பயணத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. ஆகஸ்ட் 27, காலை 11 மணிக்கு வரும்படி தங்களிடமிருந்துதான் குறுஞ்செய்தி வந்தது. அன்று விநாயகர் சதுர்த்தி ஆயிற்றே என்று முதல் நாளே அழைத்துக் கேட்டேன்; திறந்திருக்கும், வாருங்கள் என்றார்கள். வீட்டில் பூசையைக்கூட முடிக்காமல் கிருஷ்ணகிரி வந்து, அங்கிருந்து பேருந்து மாறி, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போய் இறங்கினால் ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. மதியம் இரண்டு மணி வரை வாசலில் நின்றேன். உதவி எண்ணில் தமிழுக்கான பொத்தானை அழுத்தினாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி சென்றபோதோ, பில்லின் நகல் செல்லாது, அசல்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்; அதை முன்கூட்டியே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருக்கும் 8 ஜிபியிலும் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸே எடுத்துக்கொள்கிறது. எமுலேட்டரைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. ஆய்வகப் பயிற்சிகளுக்குத் தோழியின் கணினியை எதிர்பார்த்து என் மகள் விடுதியில் இரவு வெகுநேரம் காத்திருக்கிறாள். அவளுடைய இந்த ஆண்டுப் படிப்பே பாழாகிவிட்டது என்றுதான் நான் சொல்வேன். அதற்கு யார் பொறுப்பு?

எனவே, 16 ஜிபி ரேம் உள்ள மாடலை மாற்றித் தருமாறும், அது இயலாவிடில் முழுத் தொகையையும் பயணச் செலவுடன் திருப்பித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கவுண்டரில் பேசிய அந்த ஊழியர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூலை 7ஆம் தேதி அழைப்பின் பதிவு தங்களிடம் இருக்கும். அதைக் கேட்டுப் பார்த்தாலே யார் சொன்னது பொய் என்பது விளங்கும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். தங்கள் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

பில்லின் நகலும், ஆகஸ்ட் 27ஆம் தேதிக்கான குறுஞ்செய்தியின் படமும், மூன்று பயணங்களின் பேருந்துச் சீட்டுகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அசல் பில்லை இனி யாரிடமும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்