சி வகையும் ஒரே மாத்திரையும்

சேத்துப்பட்டு, சென்னை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேனியில் நல்ல மழை என்று எழுதியிருக்கிறாய், இங்கே இன்னும் புழுக்கம்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருப்பது எச்.ஐ.வி.-1 வைரஸின் சி வகை. பெரியவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் கொடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. அப்புறம் எதற்கு வகையைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாய். மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வகை தேவையில்லை, அது சரிதான். ஆனால் சிகிச்சை தோற்கும்போது எங்கே தேட வேண்டும் என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

வைரஸின் மரபணுவில் சுமார் 9,700 எழுத்துகள். நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஏறத்தாழ 30,000 எழுத்துக்கு ஒன்று தவறும். சிகிச்சை இல்லாத உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடித் துகள்கள் உருவாகின்றன. ஆகவே ஓர் எழுத்து மாறினால் போதும் என்கிற எதிர்ப்புத் திரிபு, அதாவது மருந்தை எதிர்க்க உதவும் மரபணு மாற்றம், எதுவும், மருந்தைத் தொடங்கும் முன்பே ஏதாவது ஒரு துகளில் இருக்கும். இரண்டு எழுத்து சேர்ந்து மாற வேண்டுமென்றால் அது அபூர்வம்.

இங்கேதான் சி வகை வேறுபடுகிறது. நகலெடுக்கும் நொதியின் 106ஆம் இடத்தை எடுத்துக்கொள். மேலைநாடுகளில் பரவலாக உள்ள பி வகையில் அங்கே 'ஜிடிஏ', நம்முடையதில் 'ஜிடிஜி'. இரண்டுமே குறிப்பது வேலின் என்ற அமினோ அமிலத்தைத்தான், புரதத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் நெவிராபின், எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்துகள் இரண்டையும் வீழ்த்த அங்கே மெத்தியோனின் என்ற வேறு அமினோ அமிலம் வர வேண்டும், அதற்கு 'ஏடிஜி' வேண்டும். பி வகையில் இரண்டு எழுத்து மாற வேண்டும், சி வகையில் ஒன்று மாறினால் போதும். டெனோஃபோவிரை எதிர்க்கும் கே65ஆர் திரிபும் அப்படித்தான். அந்த இடத்தைச் சுற்றியுள்ள எழுத்து வரிசையில் நொதி தடுமாறி நிற்பதால், சி வகையில் அது சீக்கிரம் வந்துவிடுகிறது.

உன் சிகிச்சை மையத்துப் பழைய நோயாளிகளுக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. தாம்பரத்தில் 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) தொடங்கிய காலத்தில் பலருக்கும் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின்தான். ஸ்டாவுடினும் கே65ஆரைக் கொண்டுவரும். அன்று வந்த திரிபுகள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவு டி செல்களின் டி.என்.ஏ.வில் படிந்து கிடக்கும். இன்றைய பரிசோதனையில் தெரியவில்லை என்பதால் அவை போய்விட்டன என்று எண்ணாதே. பழைய மருந்துச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்.

இன்னொரு எச்சரிக்கை, வைரஸின் மற்றோர் இனமான எச்.ஐ.வி.-2. நம்மிடம் குறைவுதான், ஆனாலும் உண்டு. நெவிராபினும் எஃபாவிரென்ஸும் அதை ஒன்றும் செய்யாது. டொலுடெக்ராவிர் வேலை செய்யும். அதைவிட மோசம், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் நம் வைரல் லோடு கிட் எச்.ஐ.வி.-1க்கானது. வைரஸ் அழிக்கும் சிடி4 எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருக்கும், அறிக்கையோ 'வைரஸ் காணப்படவில்லை' என்று வரும். அப்படி ஒருவரைக் கண்டால் மருந்தைக் குறை சொல்லும் முன் எச்.ஐ.வி.-2 உறுதிப் பரிசோதனைக்கு அனுப்பு.

வைரல் லோடு ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிகளுக்கு மேல் வந்தால் உடனே எதிர்ப்பு என்று முடிவு கட்டாதே. டொலுடெக்ராவிரை வைரஸ் எளிதில் தாண்டாது. முதலில் மாத்திரை விட்டுப்போகிறதா என்று கனிவாகக் கேள். அடுத்து, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போகிறதா? போனால் டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை வேண்டும். மூன்றாவது, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அமில எதிர்ப்பு மருந்து. வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிரைக் கட்டிப்போட்டுவிடும். இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ டொலுடெக்ராவிரைப் போடச் சொல். கால்சியமும் இரும்பும் மட்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். கர்ப்பிணிகளிடம் இதைத்தான் நாம் அடிக்கடி கேட்க மறக்கிறோம்.

ஆலோசனைக்குப் பிறகும் குறையவில்லை என்றால் மருந்து எதிர்ப்புத் திரிபைத் தேடும் எதிர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பு. ரத்தம் எடுக்கும்வரை மருந்தை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய வலுவான வைரஸ் மேலோங்கி, லாமிவுடினை எதிர்க்கும் எம்184வி போன்ற திரிபுகளை மறைத்துவிடும். மரபணு எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான வரிசைமுறை வாசிப்பு, மொத்த வைரஸில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் திரிபைக் காட்டாது.

ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் எடு, பச்சை மூடி வேண்டாம், அதிலுள்ள ஹெப்பரின், மரபணுவைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கெடுக்கும். ஆறு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து, இரண்டு சிறு குப்பியாகப் பங்கிட்டு மைனஸ் 70இல் வை. ஒரே குப்பியை உருக்கி உருக்கி உறையவைத்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். படிவத்தில் 'இப்போது எடுக்கும் மருந்து' என்ற இடத்தோடு நிறுத்தாமல், தொடங்கிய ஆண்டு முதல் மாற்றிய ஒவ்வொரு மருந்தையும் எழுதச் சொல். அந்த இடம் காலியாக வரும் படிவங்கள்தான் அறிக்கை எழுதுகிறவரைத் திணறடிக்கின்றன.

நீ சொன்ன அந்த இரண்டு நோயாளிகளின் மருந்து வரலாற்றை மட்டும், பெயர் இல்லாமல், அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராஜன்