டைமெட்ரோடான் டைனோசர் இல்லை: வினாடி வினா குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் நீங்கள் நடத்திய அறிவியல் வினாடி வினாவின் கடைசிச் சுற்றில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடையில் இருந்தது நீங்கள்தான். அன்று மாலையே நேரில் கேட்டேன், பிறகு எழுதியும் கேட்டேன். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று ஒரு வரி பதில் வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: அந்தக் கேள்விக்கான விடையைத் திருத்துங்கள்.

முதுகில் படகுப் பாய் போன்ற அமைப்புள்ள டைனோசர் எது என்று கேட்டீர்கள். எங்கள் மாணவி ஸ்பைனோசாரஸ் என்றாள். தவறு என்று சொல்லி, திரையில் டைமெட்ரோடான் படத்தைக் காட்டினீர்கள். அவள் எழுந்து, "சார், அது டைனோசரே இல்லை. அது நமக்குத்தான் சொந்தம்" என்றாள். அரங்கம் சிரித்தது. "உட்காரும்மா, நேரமாகுது" என்று மைக்கை அடுத்த அணியிடம் கொடுத்துவிட்டீர்கள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. டைமெட்ரோடான் வாழ்ந்தது பெர்மியன் காலத்தில், ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அது அழிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் முதல் டைனோசரே தோன்றுகிறது. ஸ்பைனோசாரஸ் வட ஆப்பிரிக்காவில் திரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டுக்கும் முதுகில் பாய் இருந்தது உண்மை. பொம்மைக் கடையில் இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்பதும் உண்மை. ஆனால் உறவு முறையில் டைமெட்ரோடான் நம் பக்கம். பாலூட்டிகள் எந்தக் கிளையில் வந்தனவோ அந்தக் கிளையின் ஆரம்பகால வேட்டை விலங்கு அது. நமக்கு நேர் பாட்டன் இல்லை, பாட்டனுக்குப் பங்காளி.

அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று உங்களில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். எங்கள் வகுப்பில் கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டுத் தலையை வாங்கி வந்து, வேகவைத்துச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து வைத்திருக்கிறோம். அதன் கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு திறப்பு இருக்கும். பென்சிலை விட்டால் கன்ன எலும்பு வளைவுக்கு உள்பக்கமாக இறங்கிக் கீழே வந்துவிடும். தாடையை இழுக்கும் தசை போகும் வழி அது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், விரலுக்கடியில் புடைப்பது அதே தசைதான். டைமெட்ரோடான் மண்டையோட்டிலும் கண்ணுக்குப் பின்னால் ஒரு திறப்புதான். டைனோசர்களுக்கு இரண்டு. இந்த ஒன்றா இரண்டா என்பதை வைத்துத்தான் எந்தப் பக்கத்து உறவு என்று முதலில் பார்க்கிறார்கள். அந்தப் பென்சிலை முதலில் விட்டுப் பார்த்தவள் அவள்தான்.

அப்புறம் அவள் விடவில்லை. டைமெட்ரோடானுக்குப் பின் வந்த கோர்கனாப்சிட்டுகளைப் பற்றிக் கேட்டாள். கத்தி போல் நீண்ட கோரைப்பல் கொண்ட அந்த வேட்டை விலங்குகள், 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் அடியோடு போயின. அவற்றில் மிகப் பழையது ஸ்பெயினின் மயோர்கா தீவில் கிடைத்ததாக 2024 டிசம்பரில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வயது 27 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. பின்னங்கால் எலும்புகள் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்ததால் அது எப்படி நடந்திருக்கும் என்றுகூடச் சொல்ல முடிந்தது. நம் நாட்டில் பிராணஹிதா-கோதாவரிப் படுகையிலும் இந்தக் குடும்பத்தின் எச்சம் கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தாள்.

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வந்து சேர்ந்தவள் அவள். தோற்றதற்கு அவள் அழவில்லை. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு வந்து, "டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்தது தப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அவங்க ஏன் தப்புன்னாங்க?" என்றாள். இதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துப் பாறைகளில் இந்த எலும்புகளைத் தேட வழியில்லை. இங்கிருந்து லாரி லாரியாகப் போகும் கிரானைட், எலும்புள்ள உயிர்கள் உண்டாவதற்கு வெகு காலம் முந்தையது. தொல்லுயிர் அருங்காட்சியகம் பக்கத்தில் இல்லை. இந்தப் பொருளில் தமிழில் நல்ல புத்தகம் கேட்டால் நூலகத்தில் கையை விரிக்கிறார்கள். கேள்விகளையோ எங்கிருந்தோ எடுத்து, அவசரமாகத் தமிழாக்கி, சரிபார்க்காமல் வாசிக்கிறார்கள். அந்தப் பிழையைச் சுமப்பது எப்போதும் தமிழ் வழிப் பிள்ளைகளாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாக இதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். சரி, இதெல்லாம் உங்கள் ஒரு குழுவின் கையில் இல்லை. அந்த ஒரு விடை உங்கள் கையில் இருக்கிறது.

கோப்பையைத் திரும்பக் கேட்கவில்லை. வென்ற பிள்ளைகள் மேல் எந்தத் தவறும் இல்லை, அது அவர்களிடமே இருக்கட்டும். மாணவி சொன்ன ஸ்பைனோசாரஸ் என்ற விடை சரி, அறிவித்த விடை தவறு என்று உங்கள் கையெழுத்துடன் ஒரு கடிதம் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். கலந்துகொண்ட மற்றப் பள்ளிகளுக்கும் அதன் நகல் போகட்டும், அங்கேயும் பிள்ளைகள் அந்தத் தவறான விடையை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த போட்டிக்கு முன் கேள்விகளை அந்தந்தப் பாடம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் அழைத்தால் விலங்கியல் கேள்விகளைப் பார்த்துத் தர நானே வருகிறேன்.

கடிதத்தைத் தலைமையாசிரியர் பெயருக்கு அனுப்பினால் போதும். காலை வணக்கக் கூட்டத்தில் அதைப் படிக்க அவரிடம் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
அஞ்செட்டி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்