மார்ச் 31 இருப்பை மட்டும் பார்க்காதீர்கள்

அன்புள்ள பொதுக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் மாலை வகுப்புகளின் கணக்கை எட்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது, “பேங்க்கில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்பீர்கள். நான் தொகையைச் சொல்வேன். “சரி, பரவாயில்லையே” என்று அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கேள்வி போதாது.

போன வாரம் எட்டு வருடத் தணிக்கை அறிக்கைகளையும் வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தேன். இருப்பு கூடிக்கொண்டுதான் போகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு, கம்ப்யூட்டர் வாங்குவதற்கென்றே ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து (சிஎஸ்ஆர்) கொடுத்த பணம். மார்ச்சில் வரும், ஜூனில் போய்விடும். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்து வாடகை கட்ட முடியாது. அதைக் கழித்துவிட்டால், நம் சொந்தப் பணம் மூன்று வருடமாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. வாடகை, கரண்ட் பில், மூன்று ஆசிரியைகளின் சம்பளம் எல்லாம் போட்டால் இரண்டு மாதத்துக்குத் தாங்காது.

2020 ஊரடங்கில் நன்கொடை நின்றது நினைவிருக்கிறதா? அப்போது ஒரு ஆசிரியை நான்கு மாதம் சம்பளம் வாங்கவில்லை. கெடுபிடி தளர்ந்ததும் திண்ணை திண்ணையாகப் போய்ப் பாடம் சொன்னார். அவரைப் பாராட்டித் தீர்மானம் போட்டோம். உண்மையில் அது நாம் அவரிடம் வாங்கிய கடன். நம் சொத்தையும் கடனையும் காட்டும் எந்த ஐந்தொகையிலும் அது ஏறவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

மிச்சம் பிடித்தால் வருமான வரியில் கேட்பார்கள் என்று ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கச் சட்டமே இடம் தருகிறது. மூலநிதிக்கென்று, அதாவது செலவழிக்காமல் நிரந்தரமாக வைத்திருக்கும் நிதிக்கென்று, எழுதிக் கொடுத்த நன்கொடையையும் உரிய முறையில் முதலீடு செய்து தனியாகக் காக்கலாம். நாம் இரண்டையுமே செய்யவில்லை. பொருளாளராக அதில் என் தவறும் உண்டு.

அப்புறம், ரொக்கமாகக் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது. வங்கி வழியாகவே, முடிந்தால் மாதாமாதம், கொடுங்கள். மாதம் 200 ரூபாய் நிச்சயமாக வந்தால் அதை நம்பிச் சம்பளம் பேச முடியும்.

இந்த முறை சொந்தப் பணத்தையும் திட்டப் பணத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக் கொண்டுவருகிறேன். “யாரிடமிருந்தும் பணம் வராவிட்டால் எத்தனை மாதம் வகுப்பு நடக்கும்?” என்று என்னைக் கேளுங்கள்.

அன்புடன்,
பொருளாளர்,
குடியாத்தம்