சீனப் பெயரை அவசரத்தில் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் சீன மொழி படிக்கிற பிள்ளைகளை இப்போது அடிக்கடி காண்கிறேன். புலமைப்பரிசில் கிடைத்தால் சீனாவுக்குப் போகலாம் என்று சிலர், ஹோட்டல் வேலைக்கு உதவும் என்று சிலர், உயர்தரத்தில் அதையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்று இன்னும் சிலர். நல்ல விஷயம், சந்தோஷம். ஆனால் வகுப்புத் தொடங்கிய அன்றைக்கே பிள்ளைகளுக்குச் சீனப் பெயர் கொடுக்கிற விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதைப் பெற்றோர் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் தங்கச்சியின் மகள் சேர்ந்த ஒரு ஸூம் வகுப்பில் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த பட்டியலைத் திரையில் போட்டு, நீ இது, நீ அது என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அவளுக்கும் அக்கரைப்பற்றில் இருந்து படிக்கிற இன்னொரு பிள்ளைக்கும் ஒரே பெயர். இதற்கு என்ன கருத்து என்று கேட்டதற்கு, அது பிறகு பார்க்கலாம், இப்போது பதிவுக்குப் பெயர் வேண்டும் என்று பதில். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் தன் பெயரின் கருத்தைச் சொல்ல நேரம் இல்லையென்றால் அது என்ன வகுப்பு?

பெயர்தானே, பிறகு மாற்றலாமே என்று நினைக்கலாம். பாஸ்போர்ட்டில் நம் பெயர் அப்படியே இருக்கும், உண்மைதான். ஆனால் சீனாவில் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வகுப்பில் கூப்பிடுவதும் நண்பர்கள் போனில் பதிவதும் சீனப் பெயரைத்தான். ஒருமுறை வாயில் ஒட்டிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

நம் பெயரை ஓசைக்கு ஓசை அப்படியே சீனத்தில் எழுதுவதும் சரிவராது. அவர்களுடைய எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அசை, ஒவ்வொன்றுக்கும் கருத்து உண்டு. விக்னேஸ்வரன் என்பதை ஓசைப்படி எழுதப் போனால் ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்துகள் ஒரு நீளத்துக்கு வரும், பார்த்த உடனேயே வெளிநாட்டுப் பெயர் என்று தெரியும், கூப்பிடவும் கஷ்டம். சீனர் பெயர் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்துத்தான். முதலில் குடும்பப் பெயர், அப்புறம் சொந்தப் பெயர். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதிப் பழகியவர்கள், அதனால் அந்த வரிசை நமக்குப் புதிது இல்லை.

நன்றாகப் பெயர் வைப்பது எப்படி என்பதற்குத் தாகூரின் பெயரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1924இல் அவர் சீனா போனபோது பெய்ஜிங்கில் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். அங்கே லியாங் சீச்சாவ் என்ற பெரிய அறிஞர் அவருக்கு ஜூ ஜென்தான் என்று பெயர் சூட்டினார். ஜூ என்பது இந்தியாவுக்குச் சீனர் வைத்திருந்த பழைய பெயரின் கடைசி எழுத்து. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்து போன பிக்குகள் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஜென்தான் என்பது சீனாவுக்கு இந்தியர் சொன்ன பழைய பெயர். அதே நேரம் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடி, விடியல் என்றும் பொருள். ரவீந்திரன் என்றால் ரவியும் இந்திரனும் அல்லவா? சூரியனும் இடிக்குரிய தேவனும் இரண்டு எழுத்துக்குள் வந்துவிட்டார்கள், இரண்டு நாடுகளும் ஒரு பெயருக்குள் வந்துவிட்டன. கோட்னிஸ் டாக்டரையும் சொல்ல வேண்டும். 1938இல் இந்தியாவில் இருந்து சீனாவுக்கு வைத்தியம் பார்க்கப் போன ஐந்து பேரும் தங்கள் சீனப் பெயரின் முடிவில் சீனாவைக் குறிக்கும் ஹுவா என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கோட்னிஸ் அங்கே கெ திஹுவா ஆனார், 1942இல் அங்கேயே இறந்தார், இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் அவரை நினைக்கிறார்கள்.

சரி, நம் பிள்ளைக்கு எப்படி? தங்கச்சியின் மகளோடு ஒருநாள் பின்னேரம் இருந்து பார்த்தோம். தகப்பன் பெயர் லிங்கம் என்று முடியும், அதனால் லின். இது சீனாவில் நிறையப் பேருக்கு உள்ள குடும்பப் பெயர், காடு என்று பொருள், எழுத்திலேயே இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவள் பெயரில் நிலா இருக்கிறது, நிலாவுக்கு யுவே. அதோடு வெளிச்சம் என்ற பொருளில் மிங், அந்த எழுத்துக்குள் சூரியனும் சந்திரனும் சேர்ந்தே இருக்கும். லின் யுவேமிங். மூன்று எழுத்துக்கும் சேர்த்து 20 கோடுகள்தான், பரீட்சைத் தாளில் எழுதக் கை நோகாது. காத்தான்குடியிலோ கல்முனையிலோ நூர் என்று பெயருள்ள தம்பி படித்தால், மா குவாங்மிங் என்று வைக்கலாம். நூர் என்றாலும் குவாங்மிங் என்றாலும் ஒளிதான். மா என்பது சீன முஸ்லிம்களிடம் பரவலாக உள்ள குடும்பப் பெயர். 1409இல் தமிழ், சீனம், பாரசீகம் மூன்றிலும் எழுதி காலியில் நாட்டப்பட்ட கல்வெட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹவும் பிறப்பில் மா குடும்பத்துப் பிள்ளைதான்.

குடும்பப் பெயரைத் தகப்பன் பக்கம்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் வருகிறது, கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்பது வரைக்கும் அதை வைத்துத்தான் நடக்கும். தாயின் பெயரிலோ குடியின் பெயரிலோ உள்ள ஓர் ஓசையை எடுத்து, அதற்குப் பக்கத்தில் வருகிற உண்மையான சீனக் குடும்பப் பெயரைப் பிள்ளை எடுத்தால் அதைவிட அழகு என்ன இருக்கிறது? நம் ஊர்ப் பிள்ளைகள் செய்யக்கூடிய காரியம் இது, ஒருவரும் யோசிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

கவனமாகவும் இருக்க வேண்டும். அகராதியில் நல்ல பொருள் என்று பார்த்து எடுத்தால் மட்டும் போதாது, வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். தெ என்றால் ஒழுக்கம், நல்ல எழுத்துத்தான். ஆனால் வூ என்ற குடும்பப் பெயரோடு சேர்த்தால் ஒழுக்கம் இல்லாதவன் என்று காதில் விழும். சில பெயர்கள் ஒரு காலத்துப் பெயர்கள். நாட்டைக் கட்டியெழுப்பு என்று பொருள்படும் ஜியென்குவோ என்பது 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் பெயராகத்தான் காதில் விழும், பதினேழு வயதுப் பையனுக்குப் பொருந்தாது. பெரிய தலைவர்கள், கவிஞர்கள் பெயரை அப்படியே எடுப்பதும் வேண்டாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம், அங்கே பெரியவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதே மரியாதைக் குறைவு. எதை எடுத்தாலும் முடிவாக்க முன்னம் சீனர் ஒருவரிடம் ஒரு தடவை வாசிக்கக் கொடுங்கள்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முதல் நாளில் பெயர் கொடுக்காதீர்கள். வீட்டில் உம்மாவிடம், அம்மாவிடம், தாத்தாவிடம் தன் பெயருக்கு என்ன பொருள், யார் வைத்தது என்று பிள்ளை கேட்டுக்கொண்டு வரட்டும். ஒரு மாதம் போகட்டும், பத்து எழுத்தாவது எழுதப் பழகட்டும், அதற்குப் பிறகு பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைத் தீர்மானியுங்கள். அதுவரை பதிவில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.