உணர்வற்றிருந்த என் காலைத் தாங்கிய கைகளுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கட்டிலில் சாய்ந்தபடியே இம்மடலை எழுதுகிறேன். சர்க்கரை நோயால் சீழ் பிடித்த என் வலது பாதம் எந்நிலையில் மருத்துவமனைக்குச் சென்றது என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பலர் நேரிலேயே பார்த்தீர்கள். எனவே அந்தக் கதைக்குள் மீண்டும் போகவில்லை. இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது. கட்டு மாற்ற வந்த செவிலியர் நேற்றுப் புண்ணைப் பார்த்துவிட்டு, புதுத் தசை நன்றாகச் சிவந்து வளர்கிறது என்று சொன்னார். அந்த நேரம் முதல், நன்றி சொல்ல வேண்டியவர்களின் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்துகொண்டேயிருக்கின்றன.

முதல் வணக்கம் மயக்க மருத்துவர் அம்மையாருக்கு. அறுவைக்கு முந்தைய மாலை அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் அருகில் அமர்ந்து, எனக்கு ஏன் முழு மயக்கம் கொடுக்க விரும்பவில்லை என்பதை நம் மொரீஷியஸ் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பொறுமையாக விளக்கினார். பல்லாண்டு காலச் சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால், பட்டினி கிடந்த பின்னரும் உள்ளே தங்கிய உணவு மயக்கத்தின்போது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளும் தளர்ந்திருந்தால் அழுத்தம் திடீரெனச் சரியலாம். முதுகுத் தண்டில் ஊசி போடலாம் என்றால், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாள் முதல் நான் உட்கொண்டுவரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சீழ் பிடித்த பாதம் அதுவரை பொறுக்காது. அப்படியானால் பாதத்திலேயே மரப்பு ஊசி போடலாமே என்று என் மகள் கேட்டாள். கிருமி தொற்றி வீங்கிய சதையில் அமிலத்தன்மை மிகுந்திருக்கும், அங்கே அந்த மருந்து சரிவர வேலை செய்யாது என்று அவர் பதில் சொன்னார். ஆகவே, தொற்றுக்கு எட்டாத தொலைவில், முழங்காலுக்குப் பின்னுள்ள குழியில், பாதத்துக்கு இறங்கும் பெரிய நரம்பைச் சுற்றி மருந்தைச் செலுத்துவதென்றும், காலின் உட்புறத் தோலுக்கு உணர்வு தரும் சிறு நரம்புக்குத் தனியே இன்னோர் ஊசி போடுவதென்றும் முடிவாயிற்று.

மறுநாள் அறுவை அறையில் அல்ட்ராசவுண்ட் திரையை என் பக்கம் திருப்பி அந்த நரம்பை எனக்கும் காட்டினார். குறுக்கே வெட்டிய தேனடை போல அது தெரிந்தது. மின்துடிப்பு கொடுத்து நரம்பைத் தேடும் முறைக்குச் சர்க்கரையால் நலிந்த நரம்பு எளிதில் பதில் தராது என்பதால், கண்ணால் பார்த்தே ஊசியைச் செலுத்துவதாகச் சொன்னார். அத்தகைய நரம்பு மரப்பு மருந்துக்கு எளிதில் வசப்பட்டு மெதுவாகவே விடுபடும் என்றும், அதனால் அளவைக் குறைத்தே கொடுப்பதாகவும், அப்படியிருந்தும் மற்றவர்களைக் காட்டிலும் என் கால் நெடுநேரம் மரத்திருக்கக்கூடும், அஞ்ச வேண்டாம் என்றும் முன்கூட்டியே தெரிவித்தார். அறுவை நடந்த நேரமெல்லாம் நான் விழித்திருந்தேன். சர்க்கரை இறங்கினால் வியர்ப்பதையும் படபடப்பதையும் நானே சொல்ல முடியும் என்பது அவருக்கும் எனக்கும் ஆறுதலாக இருந்தது. வார்டுக்குத் திரும்பிய சற்று நேரத்திலேயே தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டேன்.

அன்றிரவு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

வார்டு அடங்கிய பிறகு, சிறுநீர்க் குடுவைகளை எடுத்துச் சுத்தம் செய்ய வந்த இரவுப் பணி உதவியாளர் ஒருவர் என் கட்டிலருகே நின்றார். வயதில் என் பேரனைவிடச் சில ஆண்டுகளே மூத்தவராக இருப்பார். போர்வையை மெல்ல விலக்கி, "தொந்தோன் (மாமா), நான் இங்கே தொடுவது தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கை என் குதிகாலைப் பற்றியிருந்ததைக் கண் சொன்னது, கால் சொல்லவில்லை. உடனே போய் ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து நீளவாக்கில் மடித்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழேயிருந்து கணுக்காலுக்கு மேல் வரை, ஆடுசதை முழுவதும் அதன்மேல் பரவித் தங்கும்படி வைத்தார். குதிகால் மெத்தையைத் தொடாமல் நின்றது. தொடவில்லைதானா என்று உறுதி செய்துகொள்ள, தம் உள்ளங்கையைக் குதிகாலுக்கும் மெத்தைக்கும் இடையே ஒருமுறை நுழைத்து வெளியே எடுத்தார். பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் தோலைப் பார்த்தார். சிவந்திருந்த ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வெளுத்து மீண்டும் சிவக்கிறதா என்று கவனித்தார். வெளுத்தது. அதன் பின்னரே அவர் முகம் தெளிந்தது. அத்தோடு விடாமல், அறுவைக்கு உட்படாத இடது காலுக்கும் அவ்வாறே செய்தார்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன். அவருடைய பாட்டியாருக்கும் இப்படித்தான் ஊசி போட்டு விரலை எடுத்தார்களாம். அறுத்த இடம் ஆறிவிட்டது. இரவெல்லாம் மரத்த நிலையில் மெத்தையில் அழுந்திக் கிடந்த குதிகால் கறுத்துப் புண்ணாகி, அதுவே கடைசிவரை ஆறவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் விடியும்வரை அந்தப் பக்கமாக வந்த போதெல்லாம் நின்று, கம்பளி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையை நுழைத்துச் சரிசெய்துவிட்டே போனார். நான் உறங்குவதாக அவர் எண்ணியிருக்க வேண்டும்.

உணர்வுள்ள மனிதன் உறக்கத்திலும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறான். அழுத்தம் மிகுந்தால் வலி அவனை எழுப்பிவிடுகிறது. அன்றிரவு எனக்காக வலிப்பதற்கு என் காலால் இயலவில்லை. அந்தப் பொறுப்பை, யாரும் பணிக்காமல், ஓர் அயலார் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். மறுநாள் மாலை மருந்தின் மரப்பு விலகியது. ஆனால் சர்க்கரை பல ஆண்டுகளாக என் பாதங்களில் ஏற்றி வைத்திருந்த மரப்பு விலகவில்லை, இனி விலகப்போவதும் இல்லை. அந்தக் கையின் கவனத்தை இனி நானே என் பாதங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது.

அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதவில்லை. தம் கடமைக்கு மேல் எதுவும் செய்ததாக அவர் நினைக்கவில்லை, பெயர் வெளிவருவதை விரும்பவும் மாட்டார். அவர் தமிழ் படிக்க அறியாதவர் என்பதால், இம்மடலை என் மகள் கிரியோலில் எழுதி அவர் கையில் கொடுக்கப்போகிறாள்.

ஏனையோர் அனைவரையும் ஒருசேர வணங்குகிறேன்: பாதத்தைக் காப்பாற்ற முடியும் என்று நம்பிய அறுவை மருத்துவர், மணிக்கு மணி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த செவிலியர்கள், ஊன்றுகோலுடன் படியிறங்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர், குவாத்ர் போர்ன் ஊரிலிருந்து நாள்தோறும் முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்த தங்கை, எங்களை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஏற்றிச் சென்று பணம் வாங்க மறுத்த அண்டை வீட்டு இஸ்லாமிய நண்பர், கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், வார்டு வாயிலில் வரிசையாக வந்து நின்ற என் பழைய மாணவர்கள். ஒரு காசும் கேட்காமல் இத்தனையும் செய்த இந்நாட்டின் அரசு மருத்துவமனைக்கும் என் நன்றி உரியது.

ஒரு வேண்டுதலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தைப்பூசம் இங்கே கடுங்கோடையில் வருகிறது. காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலுடன் காவடி சுமந்து வருவோரில், பாதத்தின் உணர்வை இழந்தவர்களுக்குச் சூடும் தெரியாது, ஏறிய கண்ணாடித் துண்டும் தெரியாது. யாருடைய நேர்த்திக்கடனையும் தடுக்க நான் யார்? ஆனால் வருகிற தைப்பூசத்தன்று, முருகன் அருளாலும் கோயில் நிர்வாகத்தார் இசைவாலும், காவடி இறக்குமிடத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, சர்க்கரை நோயுள்ள ஒவ்வொருவரின் உள்ளங்காலையும் குதிகாலையும் கழுவித் துடைத்து, விளக்கொளியில் பார்த்து, கீறலோ கொப்புளமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்பப்போகிறேன். மருத்துவமனையில் என் கட்டை மாற்றிய செவிலியரும் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சுமக்கவும் துவாலை எடுத்துக் கொடுக்கவும் இளைஞர்கள் சிலர் வேண்டும். வர இயன்றவர்கள் என் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்