ஊர் வரலாற்று வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது வட்டத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா ஆகஸ்டில் நடந்தது. ஏரிக்கரை நடுகல்லைச் சுற்றி மண்டியிருந்த முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தோம். பொங்கல் விழாவும் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி நெசவு மலர். நம் ஊர் நெசவின் வரலாற்றை மலராகக் கொண்டுவருவது போன பொதுக்குழுவின் தீர்மானம். கூட்டுறவுச் சங்கம் வந்த கதை, நூல் முதலாளிகள், சாயப்பட்டறைகள், விசைத்தறி வந்தபின் கைத்தறி குறைந்தது என்று தலைப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தறியில் உட்கார்ந்தவருக்குச் சோறு ஆக்கியது யார், பிள்ளை வளர்த்தது யார், படுத்த கிழவருக்குக் கஞ்சி ஊட்டியது யார் என்று ஒரு பகுதி வேண்டும் என்று கேட்டேன். "அது குடும்ப விஷயம், பொருளாதார வரலாற்றில் எப்படி வரும்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். சரி, அந்தப் பகுதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். செயலாளர் மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகு பேச்சு வந்ததால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உறுப்பினர் ஒருவர் தன் பாட்டியின் நீள நோட்டு ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கங்களில் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) வாங்கிய கணக்கு, சேலை கொடுத்த கணக்கு, வந்த கூலி, எல்லாம் தாத்தா பெயரில். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பென்சிலில் பாட்டியின் கையெழுத்து. "மாமாவுக்குக் காய்ச்சல், தார் சுத்தலை." "சின்னவளுக்கு அம்மை, தறி ஓடலை." தேதியும் போட்டிருக்கிறார். அந்தத் தேதிகளை முன்பக்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். அந்த வாரங்களில் சேலை கொடுத்த வரவே இல்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய சிறு குழல்தான் தார். நோயாளி பக்கத்தில் பாட்டி உட்கார்ந்தால் தார் சுற்ற ஆளில்லை. தார் இல்லாவிட்டால் நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் கூலி இல்லை. முன்பக்கத்தை மட்டும் படிக்கிறவர், அந்த வாரம் தாத்தா சும்மா இருந்தார் என்றுதான் எழுதுவார்.

தெற்குத் தெருவில் நான் பேசிய ஒரு அம்மா, தூளிக் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு ராட்டை சுற்றியதைச் செய்தே காட்டினார். கையில் நூல், காலில் பிள்ளை. ஒரு சேலைக்கு இத்தனை ரூபாய் என்று முதலாளி கொடுத்த கூலி ஒரு ஆளுக்கான கூலி இல்லை. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் சோறும் பிள்ளையும் வீட்டிலேயே இலவசமாக நடக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கூலி அது. அதற்கெல்லாம் வெளியே ஆள் வைத்திருந்தால் எந்த நெசவாளிக்கும் கட்டியிருக்காது. நம் ஊர்த் துணி சந்தையில் மலிவாக விற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இதை விட்டுவிட்டு எழுதினால் அது அரைக் கணக்கு.

இது என் சொந்தக் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்டவர்களில் முன்னோடியான சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் வீட்டில் பெண்கள் செய்யும் வேலையைச் சேர்க்கவில்லை. அது முக்கியமானது என்று ஒப்புக்கொண்டுதான் விட்டார். அவருக்கு முன்பே பிகு என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று காட்டியிருந்தார். அதே அடுப்பு, அதே சமையல். சம்பளம் நின்றதும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

நம் நாட்டிலும் 1938இல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவின் கீழ், பெண்களின் பங்கை ஆராய லட்சுமிபாய் ராஜ்வாடே தலைமையில் ஒரு துணைக்குழு இருந்தது. வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று அது அன்றைக்கே சொன்னது. விடுதலைக்குப் பிறகு அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இல்லத்தரசிகள் வேலை செய்யாதவர்கள் பட்டியலில், பிச்சை எடுப்பவர்களோடும் கைதிகளோடும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நம் உறுப்பினர்கள் பலர் வீட்டிலும் வருகிறது. எதற்காக அந்தப் பணம் என்று மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எண் கேட்பவர்களுக்கு: 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97 என்று இருந்தது. அதாவது இரு தரப்பிலும் குறைந்திருக்கிறது, இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது.

வருகை பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை 10 மணிக் கூட்டத்துக்குப் பெண் உறுப்பினர்கள் வருவதே இல்லை என்று ஒவ்வொரு ஆண்டும் குறை எழுதி வைத்தோம். அந்த நேரத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டு, கூட்டத்தை மாலை 3 மணிக்கு மாற்றினேன். இப்போது அவர்கள் வருகிறார்கள். தூக்கம் கெடுகிறது என்று சொல்லி வராமல் போன ஆண் உறுப்பினர்கள் சிலர் உண்டு, பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்ததும் டீ டம்ளர்களைக் கழுவுவது எப்போதும் அதே இரண்டு பெண்கள்தான். வரும் ஆண்டு இதற்கு முறை வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆதரவு தாருங்கள்.

வரவு செலவை பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. ஜெராக்ஸ், ஒலிப்பதிவு, போக்குவரத்துச் செலவு கூடியது உண்மை. ஆனால் சந்தா 300 ரூபாயைப் பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை என்பதுதான் பெரிய காரணம். வாட்ஸப்பில் நினைவூட்டினால் கும்பிடு போடும் படம் வருகிறது, பணம் வருவதில்லை.

கூட்டம் நடத்த இடம் தந்த நூலகத்துக்கும், பந்தல் சாமான் தந்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. நோட்டைத் தந்த குடும்பத்துக்கும், வேலையை நிறுத்திவிட்டு என்னோடு பேசிய அம்மாக்களுக்கும் தனி நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒலிப்பதிவுகள் எழுத்துக்கு மாற்றப்படாமல் என் போனிலேயே கிடக்கின்றன. பேசியவர்களில் பலர் 80 வயதைத் தாண்டியவர்கள். என் மாமியாருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டதால் எனக்கும் இனி முன்போல் நேரம் கிடைக்காது. கணினியில் தமிழ் தட்டச்சு தெரிந்த இளைஞர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் அனுப்புங்கள். பழைய நோட்டு, பாஸ்புத்தகம், கூலிச் சீட்டு எது இருந்தாலும் எடைக்குப் போடும்முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். மலர் அச்சுக்கு அச்சகம் முன்பணம் கேட்கிறது. சந்தா பாக்கி மட்டும் வந்தாலே அதைக் கட்டிவிடலாம். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்