எங்கள் பம்புசெட்டுக்கு ஏது கரண்ட் பில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் டங்ஸ்டன் டைடெல்லுரைடு என்ற படிகத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "இதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், டெல்டா விவசாயியின் கரண்ட் பில் கவலை இனித் தீர்ந்தது" என்று முடித்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் விவசாய பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பது தங்களுக்குத் தெரியாதா என்ன? எங்கள் கவலையெல்லாம் மும்முனை மின்சாரம் ராத்திரி எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அதை எந்தப் படிகமும் தீர்க்காது.

சரி, அது போகட்டும். அந்தப் பொருள் பெயர் வாங்கியதே தடைக்குத்தான், ஐயா. 2014இல் அதைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்தபோது புலம் கூடக் கூட மின்தடையும் ஏறிக்கொண்டே போனது. 0.53 கெல்வின் குளிரில், 60 டெஸ்லா புலத்தில், 1 கோடியே 30 லட்சம் சதவீதம் ஏற்றம். கட்டுரையாளர், தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டார் போல.

ஒரே ஓர் அடுக்காக உரித்தெடுத்தால் கதை வேறு. நடுப்பகுதி கடத்தாது, ஓரம் மட்டும் கடத்தும். அதுவும் சுமார் 100 கெல்வின் வரைதான், அதாவது மைனஸ் 173 டிகிரி. நாற்று நட்ட வயலுக்குள் யாரும் இறங்கி நடக்க மாட்டோம், வரப்பில்தான் போவோம் இல்லையா? அப்படித்தான். தற்சுழற்சி (ஸ்பின் என்பார்கள்) ஒரு விதமாக இருக்கும் எலக்ட்ரான் வரப்பில் இந்தப் பக்கம் போகும், மற்றது எதிர்ப்பக்கம் போகும். வழியில் நண்டு வளை இருந்தால் நாம் திரும்பி வந்துவிடுவோம். படிகத்தில் உள்ள குறை காந்தத்தன்மை இல்லாததாக இருந்தால் எலக்ட்ரான் திரும்பாது, சுற்றிக்கொண்டு போய்விடும். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் எவருக்கும் புரியும். "சாமானியருக்குப் புரியாத விஷயம்" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாம்.

31 ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். நீடாமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பாவின் டிராக்டர் பட்டறையில் வளர்ந்தவன், அடுக்குப் படிகம் என்று நான் ஆரம்பித்ததுமே "மாலி கிரீஸ் மாதிரியா சார்?" என்று கேட்டான். அதேதான். அந்தக் கிரீஸில் இருப்பது மாலிப்டினம் டைசல்பைடு, டங்ஸ்டன் டைடெல்லுரைடுக்குப் பங்காளி. அடுக்குக்குள் கெட்டியான பிணைப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே நொய்ந்த பிடிப்பு. அதனால்தான் வழுக்குகிறது, அதனால்தான் டேப் ஒட்டி உரிக்கவும் முடிகிறது. உங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் இல்லாதது அந்தப் பையனின் ஒரு கேள்வியில் இருந்தது.

அப்புறம், அந்த ஓரக் கடத்தலை விளக்க உதவும் டோபாலஜியை "நில அமைப்பியல்" என்று போட்டிருக்கிறீர்கள். மேடு பள்ளம் அளப்பது டோபோகிராபி. இது ஓட்டையை எண்ணும் கணக்கு. உளுந்து வடையை எப்படி நசுக்கினாலும், பிய்க்காதவரை, ஓட்டை ஒன்றுதான். போண்டாவுக்கு ஓட்டையே கிடையாது. 2016இல் தௌலெஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவரும் இந்தக் கணக்கைப் பொருள்களுக்குப் பொருத்திக் காட்டியதற்காக இயற்பியல் நோபல் வாங்கியபோது தங்கள் இதழில் ஆறு வரி வந்தது. அதே ஆண்டு இலக்கிய நோபல் வாங்கிய பாடகருக்கு ஆறு பக்கம். அப்போதே எழுதினேன். பிரசுரமாகவில்லை. பரவாயில்லை, இடநெருக்கடி இருந்திருக்கும். கும்பகோணத்தைப் பற்றி எழுதினால் ராமானுஜன், டெல்டாவைப் பற்றி எழுதினால் வெடித்த வயல் படம். தண்ணீர் நிறைந்திருக்கும் ஆண்டிலும் அதே படம்தான்.

"நில அமைப்பியல்" என்ற ஒரு சொல்லையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குத் தங்கள் இதழ் பத்து நாள் கழித்துத்தான் வருகிறது, அதுவும் அறிவியல் பக்கத்தின் பின்னால் இருக்கும் குறுக்கெழுத்துப் புதிரை யாரோ கிழித்துக்கொண்டு போன பிறகு. எனவே திருத்தம் வந்தால் ஒரு தபால் அட்டையில் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி